ஒரே வடத்தில் பதினைந்து கருவிகள்

உயர்தர வகுப்பின் பௌதிகவியல் செய்முறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேசை மீது ஒரு மின்சுற்று. அதில் ஒரு வோல்ற்றுமானி, ஓர் அம்பியர்மானி. ஒரு மாணவி இறையோதற்றை மெதுவாக நகர்த்துகிறாள். இன்னொருத்தி இரண்டு மானிகளையும் பார்த்து வாசிப்பைச் சொல்கிறாள். மூன்றாமவள் கொப்பியில் எழுதுகிறாள். "ஒன்று தசம் இரண்டு" என்று சொன்னது "இரண்டு தசம் ஒன்று" என்று பதிவாகிவிடுவது நமக்குப் புதிதல்ல. வரைபை வரையும்போது ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கும். பிழை கருவியிலா, கண்ணிலா, காதிலா, கையிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

மானிகள் தமது வாசிப்பைத் தாமே கணினிக்குச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமே என்று தோன்றும். அந்த எண்ணத்தின் விளைவாக வந்ததுதான் ஆய்வுகூடக் கருவிகளை ஒரே வடத்தில் இணைக்கும் முறை. அது எப்படி இயங்குகிறது, அதனை எப்படி அமைக்க வேண்டும், எங்கே ஏமாறக்கூடும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹந்தானையில் ஒரு சூரியக் கலம்

மஹய்யாவையிலிருந்து நகரைக் கடந்து மறுபுறம் ஏறினால் ஹந்தானை வீதி. அங்கே 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. சாயமூட்டிய சூரியக் கலங்கள் பற்றிய ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர் அதற்கு உண்டு. 1991இல் சுவிற்சர்லாந்தில் பிரையன் ஓ'ரீகன், மைக்கேல் கிரட்செல் ஆகியோர் வெளியிட்ட கலத்தில் ஒரு திரவம் இருந்தது. திரவம் கசியும், ஆவியாகும். அந்தத் திரவத்துக்குப் பதிலாக செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தைப் பயன்படுத்திய கலத்தைப் பற்றி 1995இல் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனும் அவரது சக ஆய்வாளர்களும் எழுதினர். நம் கண்டியிலிருந்து உலக விஞ்ஞானத்துக்குச் சென்ற பங்களிப்பு அது.

இத்தகைய ஒரு கலம் நல்லதா, இல்லையா என்பதை எப்படி அறிவது? விளக்கொளியில் வைத்து, அதன் வோல்ற்றளவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தை அளந்து, ஒரு வளைகோடு வரைய வேண்டும். 0 முதல் 0.6 வோல்ற்று வரை 0.01 வோல்ற்றுப் படிகளாகச் சென்றால் 61 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாசிப்புகள் என்றால் 122 எண்கள். ஒரு புள்ளிக்கு 15 செக்கன் எடுத்தாலும் கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் விளக்கின் கீழ் கலம் சூடேறும். சூடேறினால் அதன் வோல்ற்றளவு குறையும். முதற் புள்ளியை அளந்த கலமும் கடைசிப் புள்ளியை அளந்த கலமும் ஒரே நிலையில் இருக்கா. வளைகோடு அழகாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லாது.

கருவிகளைக் கணினியுடன் இணைத்தால் இதே வேலையை ஒரு நிமிடமளவில் முடிக்கலாம். ஆகவே இந்த இணைப்பைச் சோம்பலுக்கான வசதி என்று எண்ண வேண்டாம். அளவீடு மெய்யாக இருப்பதற்கே அது தேவைப்படுகிறது.

எல்லோருக்குமான பாதை

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வடம், தனித்தனிச் செருகி, தனித்தனி முறை. ஒரு நிறுவனத்தின் மானி இன்னொரு நிறுவனத்தின் கணினியோடு பேசாது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் தனது கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இணைப்பை உருவாக்கத் தொடங்கியது. 1975இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்னும் பொது நியமமாக வெளியானது. ஆய்வுகூடங்களில் அதனை ஜி.பி.ஐ.பி. என்று அழைப்பார்கள். அதன்பின் எந்த நிறுவனமும் அந்த நியமப்படி கருவி செய்யலாம் என்றாயிற்று.

இப்படிப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பாதையைத் தமிழில் தரவுப் பாட்டை என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் 'பஸ்' என்றே பெயர். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மஹய்யாவ வழியாக நகருக்கு வரும் பஸ்ஸுக்கும் இதற்கும் சொல்லளவில் உறவு உண்டு. இரண்டும் 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஒம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

ஜி.பி.ஐ.பி. வடத்தின் செருகியில் 24 ஊசிகள் உள்ளன. அவற்றில் 8 புவித்தொடுப்புக்கும் கவசத்துக்கும் உரியவை. மீதி 16 கோடுகளில் 8 தரவைக் கொண்டு செல்லும், 5 நிருவாகத்துக்கு, எஞ்சிய 3 கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கணினியையும் சேர்த்து 15 கருவிகள் வரை ஒரே பாட்டையில் இருக்கலாம்.

பாட்டையில் மூன்று பொறுப்புகள் உண்டு. பேசுபவர், கேட்பவர், நெறிப்படுத்துபவர். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசலாம். பலர் கேட்கலாம். யார் பேசுவது, யார் கேட்பது என்பதை நெறிப்படுத்துபவர் தீர்மானிப்பார். பெரும்பாலும் கணினியே நெறிப்படுத்துபவர். நமது தமிழ் மன்றக் கூட்டத்தில் தலைவி அழைத்தால் மட்டுமே ஒருத்தி எழுந்து பேசுவாள் அல்லவா? அதே ஒழுங்குதான்.

கடைசிப் பேனை நிற்கும் வரை

இனி அந்த மூன்று கோடுகள். அவற்றை விளங்கிக்கொள்ள, ஆரம்ப வகுப்பில் நாம் எழுதிய சொல்வதெழுதுதலை நினைவுபடுத்துங்கள். ஆசிரியை ஒரு சொல்லைச் சொல்கிறார். சில பிள்ளைகள் உடனே எழுதி முடிக்கிறார்கள். சிலருக்கு நேரம் எடுக்கும். "டீச்சர், இன்னும் முடியல்ல" என்று ஒரு குரல் கேட்கும் வரை நல்ல ஆசிரியை அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார்.

பாட்டையிலும் இதுவே நடக்கிறது. முதலாவது கோடு பேசுபவருக்கு உரியது. 'இதோ ஓர் எழுத்தை வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது அதன் பொருள். இரண்டாவது கோட்டில் கேட்பவர்கள் 'நான் இன்னும் ஆயத்தமில்லை' என்று அறிவிப்பார்கள். மூன்றாவதில் 'நான் இன்னும் எடுத்து முடிக்கவில்லை' என்பார்கள். கேட்பவர் எல்லோரும் ஆயத்தமான பிறகே பேசுபவர் எழுத்தைச் செல்லுபடியாக்குவார். எல்லோரும் எடுத்து முடித்த பிறகே அதனை நீக்குவார். ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தச் சுற்று மீண்டும் நடக்கும்.

மின்னியலில் இதனைச் செய்த விதம் மிக எளிமையானது. யாரும் தொடாதபோது கோட்டின் வோல்ற்றளவு உயர்ந்து நிற்கும். எந்தக் கருவியும் அதனைத் தாழ்த்திப் பிடிக்கலாம். பத்துக் கருவிகள் கையை விட்டாலும் ஒரு கருவி பிடித்திருந்தால் கோடு தாழ்ந்தே இருக்கும். கடைசிக் கருவியும் விட்ட பின்னரே அது உயரும். ஆகவே இன்று வாங்கிய வேகமான கருவியும் நாற்பது வருடப் பழைமையான மெதுவான கருவியும் ஒரே வடத்தில் இருக்கலாம். மெதுவானது எந்த எழுத்தையும் தவறவிடாது. அதற்கு விலையாக, அதுவும் கேட்கும் செய்திகளின்போது எல்லோரும் அதன் வேகத்துக்கு இறங்கிவர வேண்டும்.

ஐந்து ஆளிகளில் ஒரு முகவரி

தலைவி பெயர் சொல்லி அழைப்பது போலக் கணினி கருவியை எண் சொல்லி அழைக்கும். அதுவே முகவரி. 0 முதல் 30 வரை உள்ள எண்களில் ஒன்றை ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்க வேண்டும். பழைய கருவிகளின் பின்புறத்தில் இதற்காக ஐந்து சிறிய ஆளிகள் இருக்கும். அவற்றின் பெறுமானங்கள் 16, 8, 4, 2, 1. சாதாரணதரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படித்த துவித எண்கள்தான். முகவரி 22 வேண்டுமானால் 16, 4, 2 ஆகியவற்றை மேலே தள்ள வேண்டும். 24 வேண்டுமானால் 16உம் 8உம் போதும். ஐந்தையும் மேலே தள்ளினால் 31 வரும். அது முகவரியாகாது, 'எல்லோரும் மௌனமாகுங்கள்' என்ற கட்டளைக்காக ஒதுக்கப்பட்டது. கணினி பொதுவாக 0ஐத் தனக்கு வைத்துக்கொள்ளும். புதிய கருவிகளில் ஆளிகளுக்குப் பதிலாக முகப்புத் திரையின் பட்டியலில் முகவரியை மாற்றலாம்.

ஒரு கவனம்: பழைய கருவிகள் பலவும் மின் போடும் கணத்தில் மட்டுமே ஆளிகளைப் பார்க்கும். முகவரியை மாற்றினால் கருவியை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும்.

ஒன்றும் இரண்டும் மூன்றான கதை

பட்டப்படிப்புக் காலத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான இரண்டு பல்மானிகளைப் பாட்டையில் இணைத்தோம். ஒன்று கலத்தின் வோல்ற்றளவை அளந்தது. மற்றது தொடராக இணைத்த ஒரு தடையியின் வோல்ற்றளவை அளந்தது. கணினி எண்களைத் தந்தது. எண்கள் ஒழுங்காகத்தான் தெரிந்தன. இரண்டு நாட்கள் அவற்றைக் கொப்பியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் தற்செயலாக நான் மானிகளின் முகப்பைப் பார்த்தேன். ஒன்றில் முதல் இலக்கம் 1. மற்றதில் 2. கணினித் திரையில் 3.

இரண்டும் தொழிற்சாலையிலிருந்து 22 என்ற அதே முகவரியோடு வந்திருந்தன. நாங்கள் மாற்றவில்லை. "22, பேசு" என்று கணினி சொன்னதும் இரண்டுமே பேசின.

ஏன் 3? கருவிகள் இலக்கங்களை எழுத்துக்குறிகளாக அனுப்பும். 1 என்ற குறி துவிதத்தில் 0110001. 2 என்ற குறி 0110010. இந்தப் பாட்டையில் தாழ்ந்த கோடே 1 எனக் கொள்ளப்படும். எந்தக் கருவி தாழ்த்தினாலும் கோடு தாழ்ந்துவிடும் என்று மேலே பார்த்தோம். எனவே இரண்டு குறிகளிலும் உள்ள 1கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. கிடைத்தது 0110011. அது 3 என்ற இலக்கத்தின் குறி. அவ்வாறே 5உம் 3உம் சேர்ந்தால் 7 வரும். நீங்களும் எழுதிப் பாருங்கள்.

மெதுவான கருவியைக் காத்து நின்ற அதே பண்புதான் இங்கே பொய்யையும் உண்டாக்கியது. பாட்டை கெட்டுப்போயிருந்தால், கணினி பிழைச்செய்தி காட்டியிருந்தால், உடனே கண்டுபிடித்திருப்போம். இங்கோ எந்தச் சத்தமும் இல்லை. நம்பத்தக்க ஓர் எண் வந்து நின்றது. இரண்டு நாள் வாசிப்புகளையும் கோடிட்டு வெட்டினோம். வெட்டியதை விட, அவற்றை நம்பி ஒரு முடிவை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே என்னை அதிகம் வருத்தியது. கையால் எழுதும் மாணவி ஓர் இடத்தில் பிழை விடுவாள். தவறாக அமைத்த பாட்டையோ எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கோடு பிழை விடும்.

அமைக்கும் ஒழுங்கு

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வடங்களை இணைக்க வேண்டும். ஜி.பி.ஐ.பி. செருகிகளை ஒன்றின் முதுகில் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் மூன்றுக்கு மேல் அடுக்கினால் பாரத்தில் கருவியின் துளை பழுதாகும். கருவிகளைச் சங்கிலி போலவோ ஒரு மையத்திலிருந்து கிளைகளாகவோ இணைக்கலாம். வட்டமாக மூடிவிடக் கூடாது. கருவிகளின் எண்ணிக்கையை 2 மீற்றரால் பெருக்க வரும் நீளம், 20 மீற்றர், இவற்றில் எது குறைவோ அதுவே மொத்த வடத்தின் எல்லை. கணினியோடு சேர்த்து ஐந்து என்றால் 10 மீற்றர். திருகாணிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறமானவை மீற்றர் அளவுப் புரி கொண்டவை. வெள்ளி நிறமானவை பழைய அங்குலப் புரி. ஒன்றை மற்றதில் வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும்.

இரண்டாவதாக, கடதாசியில் ஒரு பட்டியல் எழுத வேண்டும். எந்தக் கருவி, எந்த முகவரி, எதனை அளக்கிறது. அதே எண்ணைக் கருவியின் நெற்றியிலும் ஒட்ட வேண்டும். எங்கள் இரண்டு நாட்களைக் காப்பாற்ற இந்தச் சிறு துண்டு போதுமாக இருந்தது.

மூன்றாவதாக மின் போட வேண்டும். பாட்டையில் உள்ள கருவிகளில் மூன்றில் இரண்டு பங்காவது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த கருவிகள் அதிகமானால் சமிக்ஞை பலவீனமாகும்.

நான்காவதாக ஒவ்வொரு கருவியிடமும் "நீ யார்?" என்று கேட்க வேண்டும். 1987இல் வந்த திருத்தம் இதற்கென ஒரு பொது வினாவை வகுத்தது. நட்சத்திரக் குறி, ஐ, டி, என் என்ற மூன்று எழுத்துகள், கேள்விக்குறி, அவ்வளவுதான். கருவி தனது நிறுவனம், மாதிரி, தொடரிலக்கம், உள்மென்பொருளின் பதிப்பு ஆகிய நான்கையும் காற்புள்ளியால் பிரித்துச் சொல்லும். தொடரிலக்கத்தைக் கருவியின் பின்னால் உள்ளதோடு ஒப்பிட்டால் சரியான ஆளோடுதான் பேசுகிறோமா என்பது உறுதியாகும். அதற்கு முந்திய கருவிகள் இந்த வினாவை அறியா. அவற்றின் கைந்நூலைப் பார்த்தே பேச வேண்டும். 1990இல் அளத்தல் கட்டளைகளுக்கும் ஒரு பொதுமொழி வந்தது. அன்றிலிருந்து வெவ்வேறு நிறுவனங்களின் பல்மானிகளிடமும் வோல்ற்றளவை ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்கலாம்.

ஐந்தாவது, வாக்கியத்தின் முற்றுப்புள்ளி. செய்தி முடிந்தது என்பதைச் சில கருவிகள் புதிய வரிக் குறியால் காட்டும். சில அதற்கென உள்ள தனிக் கோட்டைத் தாழ்த்திக் காட்டும். சில இரண்டையும் செய்யும். கணினி ஒன்றை எதிர்பார்க்க, கருவி மற்றதை அனுப்பினால், பேச்சு முடிந்தும் முடியாதது போலக் கணினி காத்துக்கொண்டே இருக்கும். 'பழுது' என்று ஒதுக்கிவைக்கும் முன் இதனைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, விடை தெரிந்த ஒன்றை அளக்க வேண்டும். ஒரு புதிய உலர்மின்கலம் ஏறத்தாழ 1.5 வோல்ற்று காட்டும். கருவியின் முகப்பிலும் கணினித் திரையிலும் ஒரே எண் வருகிறதா? வந்தால் மட்டுமே விடை தெரியாததை அளக்கத் தொடங்கலாம்.

பாடசாலை மேசையிலும்

இவ்வளவு பெரிய கருவிகள் நம் பாடசாலையில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஐ ஸ்குவயர்ட் சி' என்னும் பாட்டைக்கு இரண்டே கம்பிகள் போதும். ஒன்று தரவுக்கு, மற்றது கடிகாரத் துடிப்புக்கு. ஆர்டுயினோ போன்ற சிறு பலகையோடு வெப்பநிலை, அமுக்கம், ஒளி அளக்கும் சிறு உணரிகளை இணைப்பது இதனால்தான். அங்கும் முகவரி உண்டு. 7 துவித இலக்கங்களால் ஆனது. அங்கும் கோட்டை யாரும் தாழ்த்திப் பிடிக்கலாம். மெதுவான உணரி கடிகாரக் கோட்டைத் தாழ்த்திப் பிடித்து, "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லலாம். ஒரே மாதிரியான இரண்டு உணரிகளை முகவரி மாற்றாமல் இணைத்தால், எங்கள் பல்மானிக் கதை அங்கும் நடக்கும். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் மாணவிகள் இதனை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்க்கலாம். கண்ணால் கண்ட பிழை மறக்காது.

புதிய கருவிகள் இப்போது யூ.எஸ்.பி. வழியாகவும் வலையமைப்பு வழியாகவும் பேசுகின்றன. ஆயினும் 1970களின் நியமத்தில் செய்த கருவிக்கும் இன்றைய மடிக்கணினிக்கும் இடையே ஒரு சிறு மாற்றியை வைத்தால் அது இன்றும் பேசும். புதிய கருவிகளை நினைத்தபோது வாங்க முடியாத நம்மைப் போன்ற நாட்டுக்கு இது சிறிய விடயமல்ல. பழைய கருவி ஒன்றைத் தூசி தட்டி, ஆளிகளைச் சரிசெய்து, அதன் கைந்நூலைப் பொறுமையோடு வாசித்து, மீண்டும் பேச வைக்கத் தெரிந்த ஒருவர் ஓர் ஆய்வுகூடத்துக்குப் பெரும் சொத்து.

அந்த ஒருவர் நம் மாணவிகளில் ஒருத்தியாக இருக்கலாம். பெற்றோருக்கும் இதனைச் சொல்ல விரும்புகிறேன். மகள் வீட்டில் இரண்டு கம்பிகளையும் ஒரு பழைய மானியையும் வைத்துக்கொண்டு மேசையை அடைத்தால், "இதெல்லாம் ஆம்பிளப் பிள்ளைகளின் வேலை" என்று உம்மாவோ வாப்பாவோ சொல்லிவிட வேண்டாம். இந்த வேலைக்கு வேண்டியது உடல் வலு அல்ல. ஒவ்வொரு முகவரியையும் எழுதி வைக்கும் ஒழுங்கும், திரை காட்டும் எண்ணை உடனே நம்பாமல் கருவியின் முகப்பையும் எட்டிப் பார்க்கும் பழக்கமும்தான். இரண்டையும் நம் பிள்ளைகள் செய்முறைக் கொப்பியிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.